வலம் ஒன்று, கீழே ஏழு

அனுப்பம்பட்டிலிருந்து லைட்ஹவுஸ் குப்பத்துக்குப் போய்ச் சேர சுதாவுக்கு இரண்டரை மணி நேரம் பிடிக்கும். ஒரு ஸ்டேஷன் ரயில். பொன்னேரியில் இறங்கிப் பழவேற்காடு பஸ். அங்கிருந்து பாலத்தைத் தாண்டி ஷேர் ஆட்டோ. ஆட்டோ நிரம்புகிறவரை காத்திருப்பதையும் சேர்த்துத்தான் இந்த இரண்டரை மணி. அங்கே போய் அவள் செய்கிற வேலைக்கோ ஒரு வினாடி போதும். புயல் பாதுகாப்புக் கட்டடத்தின் மாடியில் ஓர் இரும்பு அலமாரி. அதைத் திறந்து, உள்ளே இருக்கும் சின்னக் கம்ப்யூட்டரில் கையோடு கொண்டுபோன கீபோர்டைச் செருகி, எஃப்-ஒன் விசையை ஒரு தடவை அழுத்த வேண்டும். அழுத்திவிட்டுக் கீபோர்டைப் பையில் போட்டுக்கொண்டு மறுபடி ஆட்டோ, பஸ், ரயில்.

சுதாவுக்கு வயது நாற்பத்து நான்கு. எலெக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ படித்தவள். கடலோரக் கிராமங்களில் வைத்திருக்கும் எச்சரிக்கைக் கருவிகளைப் பராமரிக்கும் ஒரு கான்ட்ராக்ட் கம்பெனியில் பதினோரு வருஷமாக வேலை. காற்று பலமாக அடிக்கப் போகிறது, கடலுக்குப் போகாதே என்று சேதி வந்தால், அந்தக் கம்ப்யூட்டர் மொட்டைமாடியில் இருக்கும் ஒலிபெருக்கியில் சங்கு ஊதும். குப்பத்தில் அதற்குச் சங்குப் பொட்டி என்று பெயர்.

பொட்டிக்குத் திரை கிடையாது, கீபோர்டு கிடையாது. தானாக இயங்க வேண்டியது என்று அப்படி வைத்துவிட்டார்கள். ஆனால் மின்சாரம் போய்த் திரும்பும்போதெல்லாம் அது கண் விழித்ததும் கீபோர்டைத் தேடும். காணவில்லை என்றால், ‘கீபோர்டு இல்லை, தொடர எஃப்-ஒன்னை அழுத்தவும்’ என்று சொல்லிவிட்டு நின்றுவிடும். அதைச் சொல்லிக் காட்டவும் அதற்கு ஒரு திரை இல்லை. யாராவது வந்து அழுத்துகிறவரை நாள் கணக்கில் அப்படியே நிற்கும். நான்கு வருஷத்துக்கு முன்னால், இந்தக் கோளாறு தொடங்கிய முதல் வருஷம், ஒரு பழைய மானிட்டரை ஆட்டோவில் மடிமேல் வைத்துக்கொண்டு போய்ச் செருகிப் பார்த்துத்தான் சுதா இதையே கண்டுபிடித்தாள். அடுத்த வருஷம் மானிட்டர் செருகும் துளை உப்புக்காற்றில் பச்சை பூத்து, உள்ளே இருந்த ஊசிகள் உதிர்ந்துபோயின. அதன்பிறகு கண்ணால் பார்க்கிற வழியும் இல்லை. எஃப்-ஒன்னை அழுத்துவாள், பச்சை விளக்கு எரியும், கிளம்புவாள்.

பொட்டியை மாற்றிக் கொடுங்கள் என்று நான்கு தடவை எழுதிப் போட்டாள். அடுத்த டெண்டரில் பார்க்கலாம் என்று நான்கு தடவையும் பதில் வந்தது.

போன ஐப்பசியில் ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் குப்பத்தில் மின்சாரம் போய், புதன்கிழமை விடிந்தபிறகு வந்தது. கம்ப்ளெய்ன்ட் வந்தது, ஆனால் அன்று வேறு ஊரில் வேலை. வியாழக்கிழமை போய்க்கொள்ளலாம் என்று சுதா இருந்துவிட்டாள். புதன்கிழமை காலை எட்டரை மணிக்குக் காற்று எழும்பியது. சேதி வந்திருக்கிறது, பொட்டி கீபோர்டைத் தேடிக்கொண்டு நின்றிருக்கிறது. முகத்துவாரத்துக்கு வெளியே தருமலிங்கத்தின் படகு கவிழ்ந்தது. கூட இருந்த இருவரும் நீந்திக் கரை ஏறினார்கள். தருமலிங்கத்தை எஞ்சின் வலது தோளில் அடித்துவிட்டது. படகு தப்பியது, எஞ்சினும் வலையும் போயின.

வியாழக்கிழமை சுதா போனபோது கட்டடத்தின் சாவி கிடைக்கவில்லை. சாவி குப்பம்மாளிடம் இருக்கும். கட்டடத்துக்கு எதிரே கருவாடு காயப்போடுகிறவள், தருமலிங்கத்தின் அக்கா. அவள் மீனைப் புரட்டிப் போட்டுக்கொண்டே இருந்தாள், நிமிரவில்லை.

“அக்கா, சாவி.”

“இன்னாத்துக்கு? இன்னொரு வாட்டி அமுக்கிட்டுப் போவறதுக்கா?”

“ஆமாங்க்கா.”

“நீ அமுக்குவ. கரண்டு பூடும். மறுக்கா நீ வந்து அமுக்குவ. நடுவுல காத்து வந்தா நாங்க இன்னா பண்றது? ஊதாத சங்குக்கு ஊடு கட்டி, அதுக்கு ஒரு பூட்டு, அதுக்கு நான் ஒரு காவல்.”

சுதா வெயிலில் கால்மணி நேரம் நின்றாள். பிறகு குப்பம்மாள் இடுப்பிலிருந்து சாவியை எடுத்துக் கருவாட்டுப் பாயின் ஓரத்தில் வைத்தாள். கையில் கொடுக்கவில்லை.

ஊருக்குத் திரும்பும் பஸ்ஸிலிருந்து சுதா மேனேஜர் ஜெகதீஸ்வரனுக்குப் போன் செய்தாள். அவளைவிட எட்டு வயது சின்னவர்.

“சார், அந்த போர்டுல சீரியல் போர்ட்டுன்னு ஒண்ணு சும்மா கெடக்குது. உள்ள பயாஸ்ல கன்சோல் ரீடைரக்‌ஷனை ஆன் பண்ணிட்டா, திரையில வரவேண்டியதெல்லாம் எழுத்தா அந்த ஒயர் வழியா வெளிய வரும். அலமாரியிலேயே சிம் போட்ட மோடம் இருக்குது, அதுக்குத் தனி பேட்டரி. ரெண்டையும் சேத்துட்டா நான் ஊட்லேர்ந்தே பாப்பேன். எஃப்-ஒன்னையும் அங்கேர்ந்தே அழுத்துவேன்.”

“பயாஸ்ல எல்லாம் கை வைக்காதீங்க சுதா. ஏதாவது ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது? கம்ப்ளெய்ன்ட்ட க்ளோஸ் பண்ணிட்டீங்கல்ல?”

“பண்ணிட்டேன் சார்.”

“அப்புறம் என்ன?”

அவர் கெட்டவர் இல்லை. அவருக்கு மேலே ஒருவர் இருந்தார், அவருக்கும் மேலே ஒருவர். சுதா போனை வைத்துவிட்டு ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். பொன்னேரி வந்ததும் கண்டக்டர்தான் தட்டி எழுப்பினார்.

கை வைத்தாக வேண்டும் என்று அவள் முடிவு செய்தது எந்த இடத்தில் என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது. மறுவாரம் ஆபீஸ் ஸ்டோரில், வெள்ளத்தில் நனைந்த இன்னொரு சங்குப் பொட்டி ஓரமாகக் கிடந்தது. அதே போர்டு, அதே வருஷத்துச் சரக்கு. அதன் டிஸ்க்தான் போயிருந்தது. கேட்டதற்கு ஸ்கிராப்தானே, எடுத்துப் போங்கள் என்றார்கள். அதை வீட்டுக்குக் கொண்டுவந்து டி.வி.யில் செருகினாள். படம் வந்தது.

அவள் யோசனை இதுதான். குப்பத்துப் பொட்டியில் எதையும் பார்க்க முடியாது. ஆனால் பயாஸ் என்பது, கம்ப்யூட்டர் கண் விழிக்கும்போது எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று சொல்லும் ஒரு பட்டியல். எங்கே எத்தனை தடவை எந்த அம்புக்குறியை அழுத்தினால் எது வரும் என்பது இரண்டு பொட்டியிலும் ஒன்றுதான். வீட்டுப் பொட்டியில் எண்ணிப் பழகிவிட்டால் அங்கே கண்ணை மூடிக்கொண்டே போய் அந்த ஒயர் வழியைத் திறந்துவிட்டு வரலாம். ஒரே சிக்கல், கிளம்புகிற இடம் ஒன்றாக இருக்க வேண்டும். அதற்கும் வழி இருந்தது. போர்டில் கைக்கடிகாரத்தில் போடுவது போன்ற ஒரு காசு பேட்டரி உண்டு. அதைக் கழற்றிக் கொஞ்ச நேரம் விட்டால் பயாஸ் எல்லாவற்றையும் மறந்து, ஃபேக்டரியிலிருந்து வந்த நாளுக்குத் திரும்பிவிடும். குப்பத்துப் பொட்டி ஏன் கீபோர்டைத் தேடியது என்பதும் அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. பொருத்தியவர்கள் தேடாதே என்றுதான் வைத்திருப்பார்கள். பேட்டரி செத்து, கரண்டு போகும்போதெல்லாம் அது அந்தச் சொல்லை மறந்துகொண்டிருந்தது. நான்கு வருஷம் அவள் அலைந்தது ஒரு காசு பேட்டரிக்காக. இதைப் புருஷனிடம் சொன்னபோது அவளுக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை.

புருஷன் தனசேகர் மூன்று காணியில் நெல் வைப்பவன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுவிட்டுச் சாயப் போனவனை சுதா டி.வி. முன்னால் உட்கார வைத்தாள். அவள் டி.வி.க்கு முதுகைக் காட்டிக்கொண்டு கீபோர்டோடு தரையில் உட்கார்ந்தாள்.

“நான் அழுத்தறேன். இன்னா வருதுன்னு நீ பாத்துச் சொல்லு.”

“இங்கிலீஷ்ல வருதே.”

“எந்த வரி வெள்ளையா இருக்குதுன்னு மட்டும் சொல்லு. மேலேர்ந்து எத்தினியாவது வரி?”

டெலீட். வலது அம்பு ஒன்று. கீழே ஏழு. என்டர்.

“ஆறாவது வெள்ளையாச்சு. உள்ள போய் வேற ஏதோ வந்துச்சு.”

“ஒண்ணு வுட்டுட்டேன். திரும்ப.”

அன்று இருபத்திரண்டு தடவை செய்தார்கள். வலம் ஒன்று, கீழே ஏழு, என்டர், என்டர், கீழே ஒன்று, என்டர், எஃப்-டென், என்டர். நடுவில் தனசேகர் இரண்டு தடவை தூங்கிவிட்டான். ஒரு தடவை அவன் தூக்கத்திலேயே “ஏழு, ஏழு” என்றான். அவள் திரும்பிப் பார்த்தபோது திரையில் கடிகாரத்தை மாற்றும் பக்கம் வந்திருந்தது. கடைசியாக ஐந்து தடவை தொடர்ந்து சரியாக வந்ததும் கீபோர்டை மடித்துப் பையில் வைத்தாள்.

செவ்வாய்க்கிழமை விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுக் குப்பத்துக்குப் போனாள். பொன்னேரியில் ஒரு வாட்ச் கடையில் பேட்டரி வாங்கிக்கொண்டாள். இந்தத் தடவை குப்பம்மாள் சாவியைக் கையிலேயே கொடுத்தாள். கோபம் ஆறியிருக்கவில்லை, அலுத்துப்போயிருந்தது. சும்மா கொடுத்தனுப்பாமல் கூடவே மாடி ஏறியும் வந்தாள்.

“இன்னிக்கு கரண்டு போவவே இல்லியே. இன்னாத்துக்கு வந்த?”

“ஒரு வேல பாக்கறேன்க்கா. சரியா வந்தா இனிமே அமுக்க வரமாட்டேன்.”

“வராங்காட்டி?”

“இதுவும் செத்துப்பூடும். எனக்கும் வேல பூடும்.”

குப்பம்மாள் வாசற்படியில் உட்கார்ந்தாள்.

பழைய பேட்டரியைக் கழற்றியபோது அடியில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. சுதா புடவை முந்தானையால் துடைத்து, பத்து நிமிஷம் கழித்துப் புதியதைப் போட்டாள். சீரியல் ஒயரின் ஒரு நுனியைப் பொட்டியிலும் மறு நுனியைத் தன் லேப்டாப்பிலும் செருகினாள். கீபோர்டைச் செருகிப் பொட்டிக்கு மின்சாரம் கொடுத்தாள்.

திரை இல்லாததால் அது விழித்ததா இல்லையா என்று தெரிந்துகொள்ள ஒரே அடையாளம், கீபோர்டின் மூலையில் இருக்கும் நம்-லாக் விளக்கு. அது எரிந்ததும் டெலீட்டை விடாமல் தட்டினாள். பிறகு மனசுக்குள் இருபதுவரை எண்ணினாள். வலம் ஒன்று. கீழே ஒன்று, இரண்டு, மூன்று...

“சுதாம்மா, தண்ணி குடிக்கிறியா?”

எண்ணிக்கை போயிற்று. நான்கா, ஐந்தா? அப்படியே மின்சாரத்தை நிறுத்தினாள். சேமிக்காதவரை எதுவும் மாறியிருக்காது என்பது தெரியும்.

“அக்கா, கொஞ்ச நேரம் பேசாத.”

“நான் இன்னா சொல்லிட்டேன்?”

மறுபடி முதலிலிருந்து. இந்தத் தடவை ஏழையும் வாய்விட்டே எண்ணினாள். என்டர், என்டர், கீழே ஒன்று, என்டர். எஃப்-டென். கடைசி என்டரை அழுத்தும்போது கண்ணை மூடிக்கொண்டாள். மூடாவிட்டாலும் பார்ப்பதற்கு எதுவும் இல்லை.

லேப்டாப்பில் எழுத்துகள் ஓடின. எழுத்துகள் என்று சொல்ல முடியாது. கட்டம், கேள்விக்குறி, வளைந்த கோடு என்று குப்பையாகக் கொட்டியது. குப்பம்மாள் எட்டிப் பார்த்தாள்.

“இன்னாது, பூடுச்சா?”

“இல்லக்கா.” சுதா திரைக்கருகே குனிந்தாள். “பேசுது. பேசறது எனக்குப் புரியல, அவ்ளோதான்.”

பொட்டி பேசுகிற வேகமும் லேப்டாப் கேட்கிற வேகமும் வேறாக இருந்தன. பயாஸ் வினாடிக்கு 115200 பிட் என்ற கணக்கில் அனுப்பியது, லேப்டாப் 9600-ல் காத்திருந்தது. லேப்டாப்பில் அதை மாற்றிவிட்டுப் பொட்டியை மறுபடி விழிக்க வைத்தாள். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில், வரி வரியாக, ஒழுங்காக வந்தது. மெமரி இவ்வளவு. டிஸ்க் ஒன்று. டெலீட்டை அழுத்தினால் செட்டப். மூன்று வருஷமாக அந்தப் பொட்டி சொன்ன எதையும் யாரும் பார்த்ததில்லை.

மீதியைப் பார்த்துப் பார்த்தே செய்தாள். எந்தப் பிழைக்கும் நிற்காதே. கரண்டு வந்ததும் நீயாகவே எழுந்திரு. விழித்து முடித்த பிறகும் ஒயரில் பேசிக்கொண்டே இரு. வேகத்தை மோடத்துக்கு ஏற்றாற்போல் குறைத்துவிட்டு, ஒயரை லேப்டாப்பிலிருந்து உருவி மோடத்தில் செருகினாள். கீபோர்டைப் பிடுங்கினாள்.

“அக்கா, நான் கீழ போய் நிக்கறேன். நீ மெயின் சுவிட்ச்ச நிறுத்து. கொஞ்சம் வுட்டுப் போடு.”

கீழே படகுகளின் நிழலில் நின்று போனில் பார்த்தாள். சிக்னல் ஒரு கோடுதான் இருந்தது. அரை நிமிஷம் ஒன்றும் வரவில்லை. பிறகு அந்த வெள்ளை எழுத்துகள் ஒவ்வொன்றாகப் போனில் ஏறின. கீபோர்டு இல்லை என்று ஒரு வரி வந்தது. வந்துவிட்டு, நிற்காமல் அடுத்த வரிக்குப் போயிற்று. மாடியில் பச்சை விளக்கு எரிவதாகக் குப்பம்மாள் மேலிருந்து கத்தினாள். சுதா மணலில் உட்கார்ந்துவிட்டாள். சந்தோஷம் என்று சொல்ல முடியாது. கால் வலித்தது.

கார்த்திகை இரண்டாவது வாரம் அதற்கு வேலை வந்தது. காலை ஏழு மணிக்குக் குப்பத்தில் மின்சாரம் போய் ஒன்பது மணிக்குத் திரும்பியது. சுதா அனுப்பம்பட்டு ஸ்டேஷன் பெஞ்சில் ரயிலுக்குக் காத்திருந்தாள். பழக்கதோஷத்தில் போனை எடுத்துப் பார்த்தாள். பொட்டி விழித்திருந்தது, ஆனால் வேறொரு இடத்தில் நின்றிருந்தது. திடீரென்று மின்சாரம் போனதால் டிஸ்க்கில் கோளாறு, சரிசெய்யட்டுமா, ஆமா இல்லையா என்று கேட்டுக்கொண்டு நின்றது. எஃப்-ஒன் போயிற்று, இது வந்தது. அவள் கட்டைவிரலால், ஆமா என்பதற்கு, ஒய் என்ற ஒற்றை எழுத்தைத் தட்டினாள். அதற்குள் ரயில் வந்து நின்றது. ஏறவில்லை. நூறு வரி ஓடி முடியும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள். ரயில் போய்விட்டது.

ஒன்பது ஐம்பதுக்கு சங்கு ஊதியது. கடலில் இருந்த ஏழு படகுகளில் ஆறு உடனே திரும்பின, ஏழாவது கொஞ்சம் தாமதித்துத் திரும்பியது. பத்தரைக்குக் காற்று அடித்தபோது எல்லாமே கரையில் இருந்தன. இதைக் குப்பம்மாள்தான் போனில் சொன்னாள்.

“ஊதுச்சு சுதாம்மா. கேட்டியா?”

“இங்க எப்படிக்கா கேக்கும்?”

“அதுவும் சரிதான்.”

மாசக் கடைசியில் ஜெகதீஸ்வரன் போன் செய்தார். லைட்ஹவுஸ் குப்பத்திலிருந்து ஒரு கம்ப்ளெய்ன்ட்கூட வரவில்லையே, என்ன விஷயம் என்றார். சுதா பொய் சொல்லவில்லை. என்ன செய்தாள் என்று முழுதும் சொன்னாள். வேலை போய்விட்டது என்றே நினைத்தாள்.

“மத்த பொட்டிக்கும் இதப் பண்ண முடியுமா?” என்றார்.

“பண்ணலாம் சார்.”

“உங்க கையில இப்ப எத்தன இருக்கு, அஞ்சா? ஆரம்பாக்கம் பக்கம் பதினாலு இருக்கு. அதையும் உங்ககிட்டயே கொடுத்திடறேன். இனிமே நேர்ல போற வேலை இல்லியே, உங்களுக்கு டைம் இருக்கும்.”

பதினான்குக்கும் ஒரு தடவையாவது நேரில் போக வேண்டும் என்று அவள் சொல்ல வாயெடுப்பதற்குள் அவர் நல்லது என்று சொல்லி வைத்துவிட்டார். போய்ப் பார்த்தபோது அந்தப் போர்டுகள் வேறு வருஷத்துச் சரக்கு. வலம் ஒன்று, கீழே ஏழு அங்கே செல்லாது. சிலவற்றில் கீழே ஒன்பது, ஒன்றில் வலம் மூன்று. சிலவற்றில் சீரியல் போர்ட்டே வெளியே இல்லை, போர்டில் இருந்த ஊசிகளிலிருந்து ஒயர் இழுக்க வேண்டியிருந்தது. ரயிலில் உட்கார்ந்து ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக நோட்டில் எழுதிக்கொண்டே போனாள். இப்போது பத்தொன்பது பொட்டிகளும் அவளுடைய போனில் பேசுகின்றன. சாப்பிடும்போது பேசுகின்றன, நடவு வயலுக்குச் சோறு கொண்டுபோகும்போது பேசுகின்றன. அந்த எழுத்தெல்லாம் எப்பத்தான் நிக்கும் என்று தனசேகர் ஒரு நாள் கேட்டான். நின்றால்தான் ஆபத்து என்றாள்.

தை மாசம் மோடத்தின் சிம்மை மாற்ற லைட்ஹவுஸ் குப்பத்துக்கு ஒரு தடவை போக வேண்டியிருந்தது. வேலை முடிந்து இறங்கும்போது கட்டடத்தின் நிழலில் தருமலிங்கம் உட்கார்ந்திருந்தார். வலக்கை மடியில் கிடந்தது. தோள் சேர்ந்துவிட்டது, ஆனால் கை மார்புக்கு மேலே எழும்பவில்லை. வலை இழுக்க முடியாது. இடது கையால் நூலைப் பிடித்துக் கால் கட்டைவிரலில் மாட்டி யாருடைய வலையையோ தைத்துக்கொண்டிருந்தார்.

சுதா நின்றாள். “எப்படி இருக்குதுண்ணா?”

“கீது.” நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். “பொட்டி இப்பல்லாம் நல்லா ஊதுது.”

“ம்.”

“போன வாரம் ரெண்டு வாட்டி ஊதுச்சு. பசங்க எல்லாம் கரைக்கு வந்துட்டானுங்க. நல்லதுதான்.” பிறகு கேட்டார்: “அந்த சத்தத்தைக் கொஞ்சம் கம்மி பண்ண முடியுமா? நேர எங்க ஊட்டு மேல ஊதுது. ஊதும்போதெல்லாம் தோள் இஸ்துகினு வலிக்குது.”

அவர் குறை சொல்கிற மாதிரி கேட்கவில்லை. வெயில் எப்போது தணியும் என்று கேட்பது போலக் கேட்டார்.

“சத்தம் எங்கிட்ட இல்லண்ணா,” என்றாள் சுதா. “அது ஆம்ப்ளிஃபையர்ல சீல் வெச்சிக்கீது. எழுதிப் போடறேன்.”

“போடு, போடு,” என்று தருமலிங்கம் அடுத்த கண்ணிக்கு நூலைக் கோத்தார்.

ஆட்டோவில் நான்கு பேர்தான் இருந்தார்கள். இன்னும் மூன்று பேர் வரவேண்டும் என்றார் டிரைவர். சுதா ஏறி உட்கார்ந்து நோட்டை எடுத்து, ஒலிபெருக்கியை வேறு திசைக்குத் திருப்பி வைக்க வேண்டும் என்று ஒரு வரி எழுதினாள். அதற்குள் போன் பேசியது. ஆரம்பாக்கம் பக்கம் ஒரு பொட்டியில் கரண்டு போயிருந்தது.